கீழக்கரை அப்ஸானாவும் பச்சை டிக்கும்

துபாய் அல் கூஸில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் கம்பெனி எங்களுடையது. அங்கே வண்டிகளை அனுப்புகிறவன் நான், முனியசாமி. என் குடோனுக்கு மேலேதான் ஆபீஸ். போன வருஷம் அங்கே வேலைக்கு வந்தவள் அப்ஸானா. கீழக்கரைக்காரி. வீட்டுக்காரருக்குத் தேராவில் அத்தர் கடை. பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மெட்ரோவில் வந்து, பஸ் மாறி, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். டிரைவர்கள் போனில் பார்க்கிற திரையை எழுதுவது அவள் வேலை. அதற்குப் பின்னால் கணக்கு வைத்திருக்கும் சர்வரை எழுதுகிறவன் விஜயபாஸ்கர்.

அவள் வருவதற்கு முன்னால் நான்தான் ராஜா. ஏதாவது கோளாறு என்றால் திரை ஒரு நேரம் சிவப்புப் பெட்டி காட்டும், ஒரு நேரம் வெறும் வெள்ளையாய் நிற்கும், ஒரு நேரம் வாயில் நுழையாத இங்கிலீஷில் திட்டும். வெள்ளை என்றால் வாடிக்கையாளர் கணக்கை மூடிவிட்டார், கேனை இறக்காதே. சிவப்பு என்றால் நெட் இல்லை, தள்ளிப் போய் அமுக்கு. பார்த்துப் பார்த்து நானே பழகியது. பாகிஸ்தானி டிரைவர்கள்கூட “முனி பாய்” என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன் காதைவிட்டு இறங்காது.

அதில் வந்து கை வைத்தாள்.

அருள்முருகன் என்ற டிரைவர் ஒரு வில்லாவில் கேன் இறக்கினான். அவள் எழுதிய புதுத் திரையில் ‘இறக்கியாச்சு’ என்று பச்சை டிக் விழுந்தது. சர்வரிலோ அப்படி ஒரு டெலிவரியே இல்லை. கேன் எங்கே என்று மேனேஜர் ஸ்ரீகாந்த் அவனைப் பிடித்துக்கொண்டார். எங்கள் எல்லோரையும் மேலே கூப்பிட்டார்.

“சர்வர் கரெக்டாத்தான் சொல்லிருக்கு மேடம், அந்தக் கணக்கே மூடியாச்சுன்னு” என்றான் விஜயபாஸ்கர்.

“எங்க சொல்லுச்சு?” என்றாள் அப்ஸானா. “சர்வர் அனுப்புற பதில்ல, கவர் மேல ‘சரி’ன்னு எழுதிட்டு, உள்ள ‘முடியாது’ன்னு சீட்டு வச்சு அனுப்புறீங்க. என் திரை கவரைப் பாத்துப் பச்சை காட்டிருச்சு.”

“பிரிச்சுப் பாக்க வேண்டியதுதானே?”

“சீட்டை இடத்துக்கு ஒரு மாதிரி ஒளிச்சு வச்சா எத்தனையத்தான் பிரிக்கிறது பாஸ்கர்? முனியசாமி அண்ணன்கிட்டதான் ஜோசியம் கேக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கே இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். முடியாது என்றால் கவர் மேலேயே முடியாது என்று இருக்க வேண்டும். உள்ளே எப்போதும் ஒரே வரிசை: என்ன கோளாறு, டிரைவருக்குப் புரிகிற ஒரு வாக்கியம், திரும்ப அமுக்கலாமா கூடாதா. எந்தப் பக்கத்தில் கோளாறு வந்தாலும் திரையில் ஒரே மாதிரிப் பெட்டி.

மறுநாள் என்னிடம் வந்தாள். “அண்ணே, டிரைவருங்க என்னென்ன பிரச்சினைக்குக் கூப்பிடுவாங்க? சொல்லுங்க, ஒண்ணொண்ணுக்கும் வாக்கியம் எழுதணும்.”

“நான் படிக்காதவன்மா. எனக்கு என்ன தெரியும்?” என்று நழுவினேன். வருஷக்கணக்காய்ச் சேர்த்ததைத் தூக்கிக் கொடுக்க நான் என்ன கிறுக்கனா?

அவள் கெஞ்சவில்லை. அருள்முருகன் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் அவனோடு சுற்றி, எங்கெங்கே திரை முரண்டு பிடிக்கிறது என்று பார்த்துவந்தாள். பிறகு தமிழிலும் இந்தியிலும் உருதுவிலும் பெட்டி வந்தது: ‘கணக்கு மூடப்பட்டது. கேனை இறக்க வேண்டாம்.’ டிரைவர்கள் படித்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போனார்கள். என்னை ஒருத்தன் கூப்பிடவில்லை.

ஒரு நம்பிக்கை இருந்தது. எந்த வகையிலும் சேராத கோளாறு வந்தால் பெட்டியின் அடியில் கூப்பிட ஒரு நம்பர் வரும் என்று பேச்சு. அது என் நம்பர்தான் என்று இருந்தேன். அருள்முருகன் போனை வாங்கிப் பார்த்தால், விஜயபாஸ்கர் நம்பர்.

படியேறப் போனவளை மறித்தேன். “ஏம்மா, என் நம்பரைப் போட்டா தேஞ்சா போயிரும்?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே. புதுசா ஒரு கோளாறு வந்து உங்களைக் கூப்பிட்டா நீங்க விளக்கம் சொல்லுவீங்க, டிரைவரும் போயிருவாரு. கோளாறு அப்படியே கெடக்கும். பாஸ்கரைக் கூப்பிட்டா திருத்திருவாரு.”

அவள் சொன்னது நியாயம் என்பதுதான் இன்னும் எரிந்தது. நான் ஒதுங்கி நின்றேன். குடையை மடக்கிக்கொண்டு மேலே போனாள். சாயங்காலம் ரூமுக்குப் போய்ப் போனைச் சார்ஜில் போட எடுத்தேன். காலையில் போட்ட சார்ஜ் அப்படியே இருந்தது.