முள்ளை எடுத்த கை

நகரசபைச் சிப்பாயாக, அதாவது பியூனாக, இருந்த ஆபேல் இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாள்கூட நோட்டில் பொய் எழுதியதில்லை. இதை அவரே சொல்லுவார், யாரும் கேட்காமலே சொல்லுவார். அவர் நோட்டில் எழுதியது மொத்தம் இரண்டே வார்த்தைகள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். 'பூட்டு சரி.' அவ்வளவுதான்.

எந்த ஊர் நகரசபை என்று கேட்க வேண்டாம், பெயரைச் சொன்னால் வம்பு. கோட்டாற்றிலிருந்து நடக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சந்தையை ஒட்டிப் பழைய தர்மாஸ்பத்திரிக் கட்டிடம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி புது இடத்துக்குப் போனதும் சர்க்கார் அந்தப் பழைய கட்டிடத்தை நகரசபையின் தலையில் கட்டிவிட்டது. நகரசபை என்ன செய்தது? வாசலுக்கு ஒரு பூட்டைப் போட்டது. மேஜைக்கு ஒரு நோட்டைப் போட்டது. இரண்டுக்கும் நடுவில் நடக்க ஆபேலைப் போட்டது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும், திரும்பி வந்து எழுதி, ஓவர்சீயர் கிருஷ்ணமணியிடம் காட்ட வேண்டும். சாவிகூட அவரிடம் கிடையாது, அது ஓவர்சீயரின் பெட்டியில் இருந்தது. உத்தரவில் பூட்டு என்றுதான் இருந்தது, கட்டிடம் என்று இல்லை.

கொல்லம் ஆண்டு 1108 ஆனி மாதச் சாரலில் அந்தக் கட்டிடத்தின் பின்சுவர் சரிந்து விழுந்தது. இங்கிலீஷ் கணக்கில் 1933. பின்பக்கத்து வராந்தாவின் கூரையைத் தாங்கிய உத்திரம் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாமல் நின்றது. கரையான் அரித்த உத்திரம் வேறு. ஆபேல் அதைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக ஆபீசுக்கு வந்தார்.

"ஏமானே, பொறத்துச் சுவரு விழுந்துட்டு. உத்தரம் அந்தரத்துல நிக்கி."

கிருஷ்ணமணி தலையைத் தூக்கவில்லை. "பூட்டு இருக்கா வே?"

"பூட்டு இருக்கு ஏமானே."

"அப்பம் அதை எழுதும்."

மறுவாரம் மறுபடி சொன்னார். அதே பதில். மூன்றாவது தடவை சொன்னபோது கிருஷ்ணமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "சுவரு விழுந்துட்டுன்னு நீரு எழுதினா நான் எஸ்டிமேட்டு போடணும். எஸ்டிமேட்டு போட்டா, இம்புட்டு நாளு என்ன புடுங்கிட்டு இருந்தேன்னு கவுன்சில்ல கேப்பான். உமக்கு என்னவே உத்தரவு? பூட்டைப் பாக்கணும். பாத்தாச்சா? போவும்."

ஆபேல் போனார். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் காலையில் வீட்டு வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு போய், குளத்தங்கரை உடைமுள்ளை வெட்டி இழுத்து வந்து, சுவர் விழுந்த வாயை அடைத்தார். கையெல்லாம் கீறல். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அன்றைக்கும் நோட்டில் 'பூட்டு சரி' என்றுதான் எழுதினார். பூட்டு சரியாகத்தானே இருந்தது!

நாலு மாசம் கழித்து, ஐப்பசி பதினேழாம் தேதி வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சாயங்காலம் நாலு மணிக்கு ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு ஆபேல் போனபோது, பூட்டிய வாசலில் ஐந்து பெண்கள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மணக்குடியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள். காலிக் கடவப் பெட்டியைத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். சாய்ந்து அடித்த மழையில் அது எந்த மூலைக்கு? அதில் ஒருத்திக்கு நிறைமாசம், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அவளைத் தன் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு நின்றவள் செசிலி. புருஷனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து தலைச்சுமையாக மீன் விற்று இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள். மணக்குடியிலிருந்து சந்தைக்கு அவளைப் போல ஓட்டமாக ஓடி வருகிற கால் அந்தக் கடற்கரையில் இன்னொன்று இல்லை என்பார்கள்.

"அண்ணாச்சி, கதவைத் தொறக்கப்பிடாதா? இந்தப் பிள்ளை செத்துரும்."

"சாவி எங்கிட்ட இல்ல தாயி."

சொல்லிவிட்டு ஆபேல் அந்த நிறைமாசக்காரியைப் பார்த்தார். சட்டமாவது உத்தரவாவது! பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் முள்ளை இழுத்து ஒதுக்கினார். "சொவரோரமா நில்லுங்க. நடுவுல போயிராதிங்க, உத்தரம் சரியில்ல" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வாசலுக்கு வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். ஆபீசுக்குப் போய் மை தொட்டு, 'பூட்டு சரி' என்று எழுதினார்.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே உத்திரம் இறங்கிவிட்டது. காற்று திசை மாறிச் சுவரோரம் மழை அடித்ததும் நிறைமாசக்காரி ஓரெட்டு உள்ளே வைத்தாள், மேலே கிறீச்சென்றது, செசிலி அவளைப் பிடித்து வெளியே தள்ளினாள். தள்ளினவளின் இடது காலில் உத்திரம் விழுந்தது. புது ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சிலுவைதாசன் என்ற இளம் வக்கீல் பீஸ் வாங்காமல் நகரசபை மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஆள் இல்லாத கட்டிடமானாலும் சந்தைக்கு நடுவில் நிற்கிற பொதுக் கட்டிடம், இடிந்தது தெரிந்தும் காபந்து செய்யாமல் போட்டது நகரசபையின் குற்றம் என்பது அவர் கட்சி. நகரசபையின் எதிர்வழக்குப் பத்திரத்தை அதன் வக்கீல் வீட்டுக்குக் கொண்டுபோனது யார்? நம்ம ஆபேல்தான். வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று அதைப் பிரித்துப் படித்தார். 'கட்டிடம் பூட்டப்பட்டிருந்தது. பின்புறம் நகரசபையாரால் முள்ளிட்டு அடைக்கப்பட்டிருந்தது. வாதி முள்ளை அகற்றி அத்துமீறி நுழைந்தாள்.' முள்ளை அகற்றிய கை தன் கையல்லவா! அவசரமாகப் பழையபடி மடித்து வைத்தார்.

வீட்டில் மனைவி சத்தியபாயிடம் மட்டும் சொன்னார். அவள் குத்திக்கொண்டிருந்த உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"நீருதான் உள்ள விட்டீருன்னு அவ சொல்லிட்டாளா?"

"இன்னும் சொல்லல்ல."

"பென்ஷனுக்கு ஒண்ணரை வருஷம் கெடக்கு. மவ எலிசா டீச்சர் டிரெயினிங் முடிக்கல்ல. இஞ்ச பாரும், அவளா சொன்னா கர்த்தர் விட்ட வழி. நீரா போய் வாயைக் குடுக்காதியும்."

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் அந்தப் பயத்தோடு அலைந்தார். தபாலில் உறை வந்தால் பயம். ஓவர்சீயர் கூப்பிட்டால் பயம். சந்தையில் மீன்காரிகளின் குரல் கேட்டாலே தெருவை மாற்றிக்கொண்டு போனார். ஒரு நொண்டிப் பெண்ணுக்குப் பயந்து ஒளிகிறோமே என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. அதற்காக ஒளியாமல் இருந்தாரா? இல்லை.

1110 தை மாதம், இங்கிலீஷ் கணக்கில் 1935, முன்சீப் கோர்ட்டில் விசாரணை. நகரசபைக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆபேல் கதவோரம் நின்றார். செசிலி கக்கத்தில் கம்பை ஊன்றிக் கூண்டில் ஏறினாள். வேதபுத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். நகரசபை வக்கீல் எழுந்தார்.

"பின்பக்கம் முள் கிடந்ததா?"

"கெடந்துது."

"அதை எடுத்தது யார்?"

செசிலி கதவுப் பக்கம் திரும்பி அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான்."

"யாராவது உள்ளே போகச் சொன்னார்களா?"

"ஒருத்தரும் சொல்லல்ல. மழை பெஞ்சுது, நான் முள்ளை இழுத்துப் போட்டுட்டுப் போனேன்."

சிலுவைதாசன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடைத்திருந்ததைப் பிரித்து நுழைந்தேன் என்று வாதியே சொன்ன பிறகு வழக்கில் என்ன மிச்சம்? ஆபேலுக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது 'அப்பாடா' என்ற நிம்மதிதான். அந்த ஒரு நிம்மதிக்காக அவர் சாகிற வரைக்கும் வெட்கப்பட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட் கலைந்ததும் புளியமரத்தடியில் அவளைத் தேடிப் போனார். மற்ற நாலு பெண்களும் கூட இருந்தார்கள். நிறைமாசக்காரியின் பிள்ளை இப்போது தரையில் உட்கார்ந்து புளியங்காயைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"பின்ன? மழையில வழி விட்ட மனுசனைக் காட்டிக்குடுக்கவா? அஞ்சு பேரும் அண்ணைக்கே பேசி வச்சாச்சு. ஓமக்கும் பொம்பளப் பிள்ளை இருக்கில்லா."

"வேதபுத்தகத்தைத் தொட்டுல்லா சொன்ன..."

"அதை நான் சவேரியார்கிட்ட பேசிக்கிடுதேன். நீரு போய் உம்ம பூட்டைப் பாரும்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. கனிவாகத்தான் சொன்னாள். அதுதான் ஆபேலைப் போட்டு அறுத்தது.

சாயங்காலம் கிருஷ்ணமணி கூண்டில் ஏறி, முள் வைத்தது நகரசபையின் நடவடிக்கைதான், சிப்பாய் மூலம் செய்தது என்று கண்ணிமைக்காமல் சொன்னார். அடுத்து நோட்டை நிரூபிக்க ஆபேலைக் கூப்பிட்டார்கள்.

"பதினேழாம் தேதி என்ன எழுதியிருக்கிறீர்? வாசியும்."

"பூட்டு சரி."

"அது உண்மையா?"

"உண்மை."

"முள்ளை வைத்தது நீர்தானே? நகரசபைச் சிப்பாயாக?"

"நான்தான் வச்சேன்."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். சிலுவைதாசனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. "இறங்கலாம்" என்றார் முன்சீப். ஆபேல் இறங்கவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்சீப் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். சேவகன் வந்து தோளைத் தொட்டான்.

"ஏமானே, ஒரு காரியம் பாக்கி கெடக்கு."

"என்ன?"

"முள்ளை எடுத்ததும் நான்தான். அந்தப் பிள்ளை சொன்னது பொய். எனக்காவச் சொன்ன பொய். நான்தான் உள்ள விட்டேன்."

நகரசபை வக்கீல் துள்ளி எழுந்தார். "முள்ளை எடுக்க உமக்கு யார் உத்தரவு கொடுத்தது?"

"யாரும் குடுக்கல்ல."

"யுவர் ஆனர், அப்படியானால் அது இவருடைய சொந்தக் காரியம்! நகரசபைக்குச் சம்பந்தம் இல்லை!"

முன்சீப் பேனாவை வைத்தார். "ஆபேல், முள்ளை வைக்க யார் உத்தரவு கொடுத்தார்கள்?"

"அதுக்கும் யாரும் குடுக்கல்ல ஏமானே. சுவரு விழுந்துட்டுன்னு ஓவர்சீயர் ஏமான்கிட்ட மூணு தடவை சொன்னேன். பூட்டைப் பாக்கச் சொன்னாவ. மனசு கேக்காம நானே வெட்டிப் போட்டேன்."

கிருஷ்ணமணி வேர்த்து விறுவிறுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செசிலி எழுந்து, "ஐயோ அண்ணாச்சி, கெடுத்தீரே!" என்று கத்தினாள். சேவகன் அவளை அதட்டி உட்காரவைத்தான்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. செசிலியின் பொய்ச் சத்தியத்தை முன்சீப் கடிந்து எழுதி, அதோடு விட்டுவிட்டார். மற்றதை ஊரே பேசிப் பேசி மனப்பாடம் ஆக்கிவிட்டது. 'முள்ளை வைத்த கை தன்னுடைய கை என்று நகரசபை சொல்கிறது. அப்படியானால் எடுத்த கையும் அதனுடையதுதான். வைத்ததன் புண்ணியத்தை வாங்கிக்கொண்டு, எடுத்ததன் பாவத்தைச் சிப்பாயிடம் விட முடியாது. சுவர் விழுந்ததை நகரசபை அறியும். பூட்டைக் காத்தது, கட்டிடத்தைக் காக்கவில்லை.' நஷ்டஈடு முழுவதும் செசிலிக்குத் தீர்ப்பானது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஆபேலுக்கு ஒரு மெமோ வந்தது. உத்தரவின்றி முள் வைத்தது ஒரு குற்றம், உத்தரவின்றி முள் எடுத்தது இன்னொரு குற்றம், ஆகவே வேலை நீக்கம், பென்ஷன் இல்லை. இதைத்தானே ஒன்றே கால் வருஷமாகப் பயந்தார்? வந்தேவிட்டது. சத்தியபாய் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு, "பொய்யை மூடி வச்ச வாயோட கர்த்தரோட ராப்போசனத்துக்கு எப்பிடிப் போவீரு, அதுவும் சரிதான்" என்றாள். எலிசா படிப்பை நிறுத்திவிட்டு மிஷன் பெண்களோடு லேஸ் பின்ன உட்கார்ந்தாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் ஆபேலுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் சந்தைத் தெருவை மாற்றிக்கொண்டு போகிற பழக்கம் நின்றுவிட்டது.

செசிலி நஷ்டஈட்டில் சந்தை வாசலிலேயே ஒரு பலகை போட்டு உட்கார்ந்தாள். ஓடிப்போய் விற்றவளைத் தேடி இப்போது ஆட்கள் வந்தார்கள். மற்ற நாலு பேரும் மணக்குடியிலிருந்து மீனைக் கொண்டுவந்து அவள் முன்னால் இறக்கினார்கள்.

நகரசபையும் தீர்ப்புக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. கவுன்சிலில் இரண்டு மணி நேரம் பேசி, ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, பழைய ஆஸ்பத்திரி வாசலுக்குப் பெரிய திண்டுக்கல் பூட்டாக ஒன்று வாங்கிப் போட்டது. பின்சுவர் விழுந்தபடியே கிடந்தது. புதுச் சிப்பாய் நாலு மணிக்கு வந்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், போனார்.

அடுத்த ஆனிச் சாரல் தொடங்கிய அன்று ஆபேல் வெட்டுகத்தியோடு வந்தார். பழைய முள் மக்கிப் போயிருந்தது. புது உடைமுள்ளைக் குளத்தங்கரையிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு சந்தை வாசலைத் தாண்டும்போது செசிலி பலகையிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இப்பம் யாரு உமக்கு உத்தரவு போட்டது?"

"யாரும் போடல்ல" என்றார் ஆபேல்.

அவள் கம்பை ஊன்றி எழுந்து, முள்ளின் மறுமுனையைப் பிடித்தாள்.