அம்மை குத்துகிறவரின் சைக்கிள்

தில்லைநாயகத்துக்கு ஊர் ஊராகப் போய், பெரியம்மை வராதபடி பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிற உத்தியோகம். 1912-ல் விட்டுவிட்டு வந்த முறைக்காய்ச்சல் அவர் கால்களை வற்ற வைத்துவிட்டது. ரெண்டு தெரு நடந்தாலே முழங்கால் நடுங்கும். உத்தியோகம் போய்விடுமோ என்ற பயத்தில், ஒரு வக்கீல் வேண்டாமென்று ஒதுக்கிய சைக்கிளை வாங்கி வந்தார்.

அப்போது ஐப்பசி அடைமழை. தெருவில் இறங்க வழியில்லை. பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளை இரண்டு மரக்கட்டைகளின்மேல் தூக்கிக் கட்டி, வீட்டுப் பின்கட்டிலேயே மிதிக்க ஆரம்பித்தார்.

"எந்த ஊருல இருக்கிய அத்தான்?" அடுக்களையிலிருந்து மனைவி சொர்ணாம்பாள் கேட்பாள்.

"இப்பதான் பேட்டை தாண்டுதேன்."

மழை விட்டு வானம் வெறித்தபோது கால் தேறியிருந்தது. தைரியமாக ரதவீதிக்குப் போனார். எதிரே ஒரு வைக்கோல் வண்டி. எந்தப் பக்கம் ஒடிப்பதென்று தெரியாமல் நேரே சாக்கடையில் விழுந்தார்.

"என்ன அண்ணாச்சி, அங்கன போய்ப் படுத்துட்டிய?" என்றான் வண்டிக்காரன். வீதியே சிரித்தது.

மறுநாள் முதல் மறுபடியும் பின்கட்டுதான். சில நாள் பொறுத்துப் பார்த்த சொர்ணாம்பாள் கேட்டேவிட்டாள்.

"இங்கன எதுக்க யாரு வாரா அத்தான்? காலுக்கு வலு வந்துட்டு. கையும் கண்ணும் எப்பப் படிக்கும்?"

"விழுந்தா நீயா தூக்குவே?"

"பெறகு? வேற யாரு தூக்குவா?"

விடியற்காலையில் இருவரும் குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றோரப் புல்தரைக்குப் போனார்கள். அவள் பனைமட்டைகளை ஊன்றிவைத்தாள். அவர் அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டினார். குளிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மட்டையைப் பார்த்தால் மட்டையில் மோதினார். இடைவெளியைப் பார்த்தால் தாண்டினார். பைய ஓட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பின்கட்டு மிதியையும் விடவில்லை. காலையில் ஆற்றங்கரை, சாயங்காலம் மரக்கட்டை.

பங்குனியில் முக்கூடல் ஊருக்கு அம்மை குத்தப் புறப்பட்டார். வாய்க்கால் கரையில் ஆட்டுமந்தை குறுக்கிட்டது. கால் ஊன்றாமல், ஆடுகளுக்கிடையே நெளிந்து நெளிந்து வெளியே வந்துவிட்டார். யாருமில்லாத கரையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

வழக்கமாக அவர் நடந்துவரும் சேதி முன்னால் போய்விடும்; தாய்மார் பிள்ளைகளை ஒளித்துவைத்துவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகளே சைக்கிளைப் பார்க்க ஓடிவந்தார்கள். பின்னாலேயே தாய்மாரும் வந்தார்கள்.

"வலிக்குமா?" ஒரு சிறுமி கேட்டாள்.

"கொஞ்சம் வலிக்கும். குத்திக்கிட்டா சைக்கிள் மணியடிக்கலாம்."

அவள் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள்.