ஒப்புதலுக்குக் காத்திருந்த பதிவு

வருவாய்த் துறையில் ஓய்வு பெறும்வரை நான் எழுதிய எதுவும் மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் வெளியே போனதில்லை. விழுப்புரம் வீட்டில் உட்கார்ந்து பட்டா மாற்றம் பற்றி வலைப்பதிவு தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

பதிவு என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். தலைப்புக்கு # குறி, பட்டியலுக்குச் சிறு கோடு, அவ்வளவே. கோப்பின் உச்சியில் ‘வரைவா?’ என்று ஒரு வரி இருந்தது. ‘ஆம்’ என்று எழுதினேன். வேறென்ன எழுதுவேன்?

கணவர் இறந்தபின் நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற இரண்டு முறை திண்டிவனம் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த ஒரு விவசாயி அம்மாவுக்காகத்தான், என்னென்ன சான்றுகள் கொண்டுபோக வேண்டும் என்று அதை எழுதினேன். மறுநாள் காலை அவர் போன் செய்தார்.

“சார், நீங்க சொன்ன பக்கத்துல ஒண்ணுமே இல்லீங்க. பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்கேன். இன்னிக்கும் திருப்பி அனுப்புனா பேஜாருங்க.”

“வரைவு தயாரா இருக்கும்மா. ஒப்புதல்தான் ஆகணும்.”

“யாருங்க ஒப்புதல் குடுக்கணும்?”

யோசித்துப் பார்த்தேன். “நான்தான்.”

“அப்ப ஜல்தியா குடுங்க சார்! உங்ககிட்டயும் மனு எழுதிக் குடுக்கணுமா?”

வரைவு என்றிருக்கும்வரை பதிவு யார் கண்ணுக்கும் தெரியாது. கோப்பின் உச்சியில் ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிச் சேமித்தேன். சற்று நேரத்தில் மறுபடி அழைத்தார்.

“வந்துடுச்சு சார். வாரிசுச் சான்று வீட்லயே கிடக்குது. எடுத்துக்கினு அடுத்த பஸ்ஸுல போறேன்.”

மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள் என்று மதியம் சொன்னார்.