பதினோரு பட்டறைகளும் கார்குழலியும்

சாரம் என்ற பகுதியில் மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்த கார்குழலி, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். அவள் எழுதிய நிரல்கள் கடல் கடந்து எங்கோ ஓடின. யாருக்குப் பயன்பட்டன என்று அவள் கண்டதே இல்லை. ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, வீட்டு கேட்டின் உடைந்த கீலை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடியில் பலராமனின் லேத்துப் பட்டறைக்குப் போனாள். மோட்டார் எரிந்து நான்கு நாளாகப் பட்டறை படுத்துக் கிடந்தது. ஆட்கள் வாசலில் உட்கார்ந்து அதே செய்தித்தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். நின்றுபோன இயந்திரத்தின் அமைதியை, அப்பாவின் மில் மூடிய வீட்டில் வளர்ந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறு மாதத்தில் வேலையை விட்டாள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி செய்தாள். இயந்திரத்தோடு ஒட்டிவிட்டால் போதும். மோட்டார் சூடேறினாலோ, அளவுக்கு மீறி நடுங்கினாலோ, வேலை நேரத்தில் அரை மணிக்கு மேல் நின்றாலோ, முதலாளியின் கைபேசிக்கு அழைப்பு போகும். பேச வேறு ஆள் இல்லாததால் தன் குரலையே பதிந்து வைத்தாள்: "உங்கள் இயந்திரம் நின்றுவிட்டது. உடனே கவனிக்கவும்."

பலராமன் தன் பட்டறையோடு இன்னும் பத்து பட்டறைகளைப் பேசி முடித்துக் கொடுத்தார். "ஆயுத பூஜ வரைக்கும் ஓட்டிப் பாக்கறோம் பாப்பா. மறுபூஜ அன்னிக்கு, வெச்சிக்கறமா கழட்டறமான்னு சொல்லிடறேன். என் பேச்சுதான் பத்து பேரு பேச்சும்."

பதினோரு பேரும் கழற்றிக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் பன்னிரண்டாவது வாசல் கிடையாது. சிறிய ஊர். பேச்சு முந்திக்கொண்டு போய்விடும்.

ஆயுத பூஜையன்று காலையில், பள்ளிக்கூட நாளில் புத்தகம் வைத்ததைப் போலவே, மடிக்கணினியைச் சாமி முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அம்மா ஆதிலட்சுமி அதற்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் இட்டாள். பூஜை முடிந்தது. மறுநாள் மறுபூஜை போடும்வரை அதைத் தொடக்கூடாது. அப்போதுகூடக் கார்குழலிக்கு உறைக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பலராமன் கூப்பிட்டார்.

"இன்னாம்மா நீ? கற்பூரம் காட்டற நேரம் பாத்து ஃபோனு அடிக்குது. எடுத்தா, மிஷினு நின்னுபோச்சின்ற. நல்ல நாளு அதுவுமா இன்னா வார்த்த இது?"

வைத்துவிட்டார்.

பதினோரு பட்டறைகளிலும் இன்று ஒரு இயந்திரமும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமையைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தவள், ஆயுத பூஜையை மறந்துவிட்டாள். அரை மணிக்கு ஒருதரம், இயந்திரத்துக்கு ஒன்றாக, மாலைவரை அவள் குரல் அபசகுனமாய் ஒலித்துக்கொண்டே இருக்கும். நிறுத்த ஒரே வழி அந்த மடிக்கணினி. பழைய கம்பெனியாக இருந்தால் இன்னொருவன் பார்த்துக்கொள்வான். இங்கே அந்த இன்னொருவனும் அவள்தான்.

சாமி படத்தின் முன் போய் நின்றாள்.

"வேணும்னா எடுத்துக்கோடி," என்றாள் ஆதிலட்சுமி. "ஆனா பலராமன் கேட்டா, பூஜையில வெச்சத எடுத்துதான் நிறுத்தனேன்னு சொல்லுவியா?"

கார்குழலி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

பட்டறை பட்டறையாகப் போய் மன்னிப்புக் கேட்டு, இன்று மட்டும் கைபேசியை அணைத்து வைக்கச் சொன்னாள். திட்டியவர்களும் பொரி கொடுக்காமல் அனுப்பவில்லை. பலராமனைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். பயம்தான்.

யாகூப் பாயின் பட்டறையில் ஆட்கள் வாழைக்கன்று கட்டி, இயந்திரங்களுக்கு மாலை போட்டிருந்தார்கள். அவர் ஆட்களோடு நின்று பொரி அள்ளிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் போயி ஏம்மா மொகம் வாடுற? வெள்ளிக்கெழம நாங்க தொழுவப் போயிடுவோம். ஆளுங்க சாப்புடப் போயிடுவாங்க. ரெண்டு மாசமா அப்பவும் உன் பொட்டி கூப்புட்டுக்கினுதான் இருக்குது."

"ஏன் பாய் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது. பொரி கட்டியிருந்த காகிதத்தைப் பிரித்து, அதன் பின்பக்கம் 'வெள்ளி, ஒரு மணி' என்று எழுதினாள். ஏறி இறங்கிய பட்டறைகளுக்கெல்லாம் திரும்பவும் போனாள். இந்த முறை மன்னிப்புக் கேட்க அல்ல. உங்கள் இயந்திரங்கள் எந்தெந்த நாள் நிற்கும் என்று கேட்க. அமாவாசை, மின்தடை நாள், வீராம்பட்டினம் தேர், பக்கத்துப் பட்டறையில் சாவு. காகிதம் போதவில்லை.

பலராமனின் பட்டறைக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. மூலையில் இருந்த பொரி வைத்த தகர டப்பாவுக்குள்ளிருந்து ஏதோ உறுமியது.

"என் ஃபோனுதான்," என்றார் அவர். "எப்பிடி அணைக்கறதுன்னு தெரியல. உள்ள போட்டு மூடிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"தப்பு என்னுதுதான் அண்ணே. பத்து பேர்கிட்ட நீங்க சொல்லித்தான் மாட்டனாங்க. உங்க பேரக் கெடுத்துட்டேன். நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே கழட்டிக்கினு போயிடறேன்."

பெரிய லேத்தின் பக்கம் போய்ப் பெட்டிமேல் கை நீட்டினாள்.

"கைய வெக்காத."

கை அந்தரத்தில் நின்றது. லேத்தின் தலையில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பக்கத்தில் துளையிடும் இயந்திரத்துக்கும், வரிசையாய்த் துடைத்து வைத்த ஸ்பேனர்களுக்கும். அவளுடைய கறுப்புப் பெட்டியின் நடுவிலும், நகத்தால் அளந்து வைத்ததைப் போல, ஒரு சின்னப் பொட்டு.

"பூஜ போட்டாச்சி. நாளைக்குக் காலீல மறுபூஜ முடியட்டும். அப்புறம் வந்து அதுக்குப் புத்தி சொல்லு."

கார்குழலி கையிலிருந்த காகிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"செவ்வாக்கெழம எங்க தெருவுல கரெண்டு கட்டு. அதையும் எழுதிக்கோ."

எழுதினாள். பிறகு கேட்டாள்: "அப்ப கழட்டச் சொல்ல மாட்டீங்களா அண்ணே?"

"பொட்டு வெச்சத எவனாவது கழட்டுவானா?" தகரம் மறுபடி உறுமியது. பலராமன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கொரல மட்டும் ஆம்பளக் கொரலா மாத்திடு. ரெண்டு மாசமா நேரங்காலம் இல்லாம ஃபோனு பண்றாளே, யாரு அந்தப் பொண்ணுன்னு வூட்டுல கேட்டுக்கினே இருக்காங்க."