அவள் உள்ளங்கையில் இருந்த இரண்டு மாத்திரைகள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. திருப்பூரில், நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில்.

நான் பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறேன். இருபது வருடமாக நின்றபடியே வேலை. கழுத்தில் நரம்பு அழுந்தி, வலது கை தோளிலிருந்து விரல் வரை எரியும். மிளகாய் அரைத்த கை மாதிரி.

டாக்டர் நரம்பு மாத்திரை எழுதினார். மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. கூடவே ஒரு சத்து மாத்திரை. இதைச் சாப்பிடும் காலத்தில் மது கூடவே கூடாது, மூச்சே அடங்கிவிடும் என்று என் மனைவியை வைத்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். செய்தேன். மூன்று மாதம் தொடவில்லை.

அவள் வேறு கம்பெனியில் செக்கிங். பதினைந்து வருடம். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து ஒரு பார்வை பார்ப்பாள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எதுவும் தப்பாது. அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என் மாத்திரைகளை அவள்தான் எடுத்துத் தருவாள். இரண்டும் வெள்ளை. நீளமானது நரம்புக்கு, உருண்டை சத்துக்கு.

அந்த ஞாயிறு காலையில், கூட வேலை செய்கிறவரின் தோட்டத்துக்குப் போனேன். சேவூர் பக்கம். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வோட்காவைக் கூல்டிரிங்கில் கலந்தால் வாசமே வராது என்றார்கள். குடித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கோழிக்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். சாப்பிட்டேன். வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினாள். நீளம் ஒன்று, உருண்டை ஒன்று. நன்றாகப் பார்த்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நாலு மணிக்கு டீ கொடுக்க எழுப்பியிருக்கிறாள். எழவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

குடித்தாரா என்று அங்கே கேட்டார்களாம். இல்லவே இல்லை, சத்தியம் பண்ணியிருக்கிறார் என்று இவள் அடித்துச் சொல்லியிருக்கிறாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான்தானுங்க நீளமானதையே ரெண்டாக் குடுத்துட்டனாட்ட இருக்குது" என்று சொல்லி அழுதாளாம்.

மறுநாள் காலையில் எனக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் தனியாக வந்தார். நான் குடித்திருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். சரி என்றேன். சொல்லவில்லை.

மகள் வந்து அவளைத்தான் திட்டினாள். படிக்கத் தெரியாவிட்டால் அடுத்தவர்களிடம் கேட்க வேண்டியதுதானே என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரையையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பாள். குழாயடியில் ஒருத்தி, "ஏனக்கா, டீக்குப் போடறது சக்கரையா உப்பான்னு பாத்துப் போடுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. தினமும் சொல்ல நினைப்பேன். அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை வேலை விட்டு வந்தவள், பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். பார்த்த பீஸையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாளாம். மேஜையில் குவிந்துவிடுகிறதாம். சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம். நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்கு மாற்றிவிடச் சொல்லி அவளே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"என்ற கண்ணை இனி நம்ப முடியாதுங்க."

அதற்கு மேல் முடியவில்லை. தோட்டம், வோட்கா, சத்தியம், எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வாக்கியம்தான் இருக்கும்.

அவள் கத்தவில்லை. பூண்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீளமானது ஒண்ணுதான் குடுத்தனுங்களா?"

"ஒண்ணுதான் அம்மிணி. உன்ற கையில நான் பாத்தேன். நீ சரியாத்தான் குடுத்த."

என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? இத்தன நாளா அது தெரிஞ்சுதான் உக்காந்திருந்தீங்களா?"

அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டாள். எட்டு நாள் என்னிடம் பேசவில்லை. திங்கட்கிழமை பழைய செக்கிங் மேஜைக்கே போய்விட்டாள். மகளிடம் நானே சொன்னேன். குழாயடிக்கும் போய் நானே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

குடியை விட்டுவிட்டேன். அதைப் பெரிதாகச் சொல்ல வாய் வரவில்லை. செத்துப் பிழைத்த எவனும் விடுவான். கை எரிச்சலும் முன்பு போல இல்லை, மாத்திரையை டாக்டர் இரண்டு வேளையாகக் குறைத்துவிட்டார்.

மாத்திரையை இன்னும் அவள்தான் எடுத்துத் தருகிறாள். காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு. முன்பெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று நீட்டுவாள். இப்போது நான் பார்த்து முடிக்கட்டும் என்று உள்ளங்கையை விரித்தபடி நிற்கிறாள், அந்த நேரம் மட்டும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்றுவரை முடியவில்லை.