குன்வோர் இறங்கிய வெந்நீர்

முழங்கால் வலிக்கு வெந்நீர்த் தொட்டிதான் ஆறுதல் என்றாலும், குன்வோர் ஒரு வாரமாக அதில் இறங்கவில்லை. தண்ணீர் கண்ணை எரித்தது. படகு என்ஜின் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற அவர் கணவர் ஓட்வார், சோதனைப் பட்டையை நனைத்தார். மஞ்சள் நிறம், அமிலம் கூடிவிட்டது.

“சுண்ணாம்புப் படிவு போகட்டும்னு வினிகர் ஊத்தினேன்,” என்று ஒப்புக்கொண்டார்.

“எவ்வளவு?”

“ரெண்டு பாட்டில்.”

“என்னை ஊறுகாய் போடப் பார்த்தியா?”

ஓட்வார் அரைக் கோப்பை சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, பம்ப்பை ஓடவிட்டார். மறுநாள் பட்டை ஆரஞ்சு நிறம் காட்டியது, அமிலம் சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. அவரே முதலில் இறங்கி, தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவிக் காட்டினார். எரியவில்லை.

குன்வோர் வலிக்கிற காலை மெல்ல உள்ளே விட்டார்.

“தள்ளி உக்காரு, ஓட்வார். காலை நீட்டணும்.”