ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்

ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. களைப்புக்கு எண் உண்டென்பது போன மாதம்தான் தெரிந்தது. இதயக் குழாயில் அடைப்பை எடுத்த பிறகு என்னை உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே சுவரில் ஓர் அட்டை. அதில் எண்கள் ஆறில் தொடங்கி இருபதில் முடிகின்றன. டிரெட்மில்லில் நடக்கும்போது எவ்வளவு சிரமமாயிருக்கிறது என்று அதிலிருந்து ஓர் எண் சொல்ல வேண்டும்.

ஒன்றில் தொடங்காமல் ஆறில் தொடங்கியதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறுமுகனின் எண்ணல்லவா! நான் பிழைத்தால் என்னைப் பழனிப் படியேற வைப்பதாகப் புதுக்கோட்டையில் என் அக்கா நேர்ந்திருந்தாள். தைப்பூசத்துக்குள் நான் போகலாமா என்பதை இந்த வகுப்பைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். மனசு கிடந்து பறந்தது. பயிற்சி தரும் மலாய்ப் பெண் ஃபரிதா, "பெனாட், காக்?" என்பாள், களைப்பா அக்கா என்று. ஆறு என்றால் சிரமமே இல்லை என்று அவள் சொல்லித்தான் இருந்தாள். நான் முருகனை நினைத்து ஒவ்வொரு முறையும் ஆறு என்றேன். அவளும் வேகத்தைக் கூட்டினாள்.

எங்கள் ஊரில் நடவு நாளில் இடுப்பு ஒடிந்தாலும் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் அது உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

நாலாம் நாள் பக்கத்து மெஷினில் முனியாண்டி அண்ணன் நடந்தார். ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர்.

"தங்கச்சி, ஆறுன்னா பாயில படுத்துக் கெடக்கிறதுலா! ஒனக்கு வேர்த்து ஊத்துது. முருகன் மயில்ல போறாரு, நீ நடந்துல்ல போற!"

சிரிக்க வாயெடுத்தேன், கால் மடங்கியது. ஃபரிதா ஓடிவந்து மெஷினை நிறுத்தி என்னை உட்கார வைத்தாள். நாடி சரியாகத்தானே காட்டியது என்று கேட்டேன்.

"நீங்கள் சாப்பிடும் மாத்திரை நாடியை ஏற விடாது, காக். நீங்கள் சொன்ன எண்ணைத்தான் நான் நம்பினேன்" என்றாள் மலாயில். சாமி பெயரைச் சொல்லி இந்தப் பெண்ணை ஏமாற்றியிருக்கிறேனே என்று கூசிப்போனேன்.

"பதினேழு" என்றேன்.

டாக்டர் படி ஏறக்கூடாது என்றுவிட்டார். பதிமூன்றைத் தாண்டாமல் சமதரையில் நடக்கச் சொன்னார். அன்றே அக்காவிடம் போனில் அழுதேன். "நேர்ந்தவ நான்தானேடி? ஒனக்காக நானே ஏறுறேன். நீ அங்க நட" என்றாள்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவள் பழனிப் படியில், நான் ஈப்போவில் சுண்ணாம்புக்கல் மலையடிவாரப் பூங்காவில். இருவர் கைப்போனிலும் வீடியோ கால்.

"இப்ப எத்தனைடி?"

"பதினொண்ணு."

கொஞ்ச நேரம் கழித்து, "பதிமூணுக்கா" என்றேன். பெஞ்சைத் தேடி உட்கார்ந்தேன். போனில் கூட்டம் அவளைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்காவும் முந்தானையால் படியைத் துடைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.